மிளகு உறுமவில்லை

மிளகு தலையை மெல்லத் திருப்பி எதையோ பார்த்தது. பிறகு அவள் கண்ணைப் பார்த்தது. பிறகு பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தது. அப்படிச் செய்ய அதற்குக் கற்றுக்கொடுத்தவள் அவளேதான். ஆனால் கற்றுக்கொடுத்தது நடைவழியின் கடைசியில் இருக்கும் சாமான் அறைக் கதவைப் பார்ப்பதற்கு. இப்போது அது பார்த்தது கதவை அல்ல. கதவுக்கு இந்தப் பக்கம், குளியலறைக்கு எதிரே இருந்த வெறும் சுவரை.

பழக்கத்தில் அவள் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டக்' என்று ஒலி எழுப்பினாள். சரியாகச் செய்தாய் என்பதற்கு அதுதான் அடையாளம். இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட்டை எடுத்துப் போட்டாள். நாய் அதை மென்றது. வால் தரையைக் கூட்டுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

மதியத்திலிருந்தே மழை. கார் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரையில் அது ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம்தான் என்றாலும் ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈர நாயின் வாடையும் பால் பவுடரின் இனிப்பும் கலந்து நின்றன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் திறக்காத பெட்டியில் மடித்து வைத்த துணியைப்போல, மழை வலுக்கும்போதெல்லாம் நடைவழியிலிருந்து லேசாக வந்தது. இது தங்கையின் வீடு. தங்கை கணவனின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இருவரும் மதியமே போய்விட்டார்கள். குப்புற விழப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை படுக்கையறையில், கம்பி வைத்த மரத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் வந்திருந்தாள்.

நாய்களைப் பழக்குவது அவள் தொழில். தெருவில் சிலர் நாய் டாக்டர் என்பார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டாள். கொட்டாவி விடும் நாய்க்குத் தூக்கம் வரவில்லை, மனம் தவிக்கிறது என்பாள். வாலாட்டும் நாயெல்லாம் நட்பான நாய் அல்ல. வால் விறைத்திருக்கிறதா குழைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பாள். உறுமும் நாயை மட்டும் அடிக்காதீர்கள், அது நமக்குச் செய்தி சொல்கிறது, அடித்து நிறுத்தினால் அப்புறம் சொல்லாமல் கடிக்கும் என்று போகும் வீட்டிலெல்லாம் சொல்லுவாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த சில நாட்களிலேயே தங்கை ஃபோன் செய்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் போனாலே மிளகு பிடரி மயிர் சிலிர்க்க உறுமுகிறது, இரவில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உறுமுகிறது என்று அழுதாள்.

"நிறுத்தலைன்னா இவன எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவேங்கறார்க்கா. பிள்ளைக்கு முன்னாடி இவன்தான் எங்களுக்குப் பிள்ளை."

அவள் வந்து பார்த்தாள். புதுப் பிள்ளையைக் கண்டு பயப்படும் நாய் என்று முடிவு செய்தாள். அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த வழிதான்: பயப்படும் பொருள் இருக்கும் திசையை நாய் பார்த்ததும் 'டக்', திரும்பி நம் முகத்தைப் பார்த்ததும் பிஸ்கட். நாளடைவில் பயம் வரும் இடத்தில் பிஸ்கட் நினைவு வந்து உட்கார்ந்துவிடும். எதைப் பார்க்கிறது என்பது நமக்குத் தேவையில்லை, எப்படிப் பார்க்கிறது என்பது போதும் என்று தங்கைக்கு விளக்கினாள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மிளகு சாமான் அறைக் கதவைத்தான் பார்த்தது; பிள்ளையைப் பார்க்கப் பயந்து கண்ணைத் திருப்புகிறது என்று எண்ணி, அதற்கே பிஸ்கட் கொடுத்தாள்.

தங்கை கணவன் சோபாவிலிருந்தபடியே, "எனக்கும் சொல்லிக்குடுங்க அண்ணி, பிஸ்கட்டுன்னா நானும் உக்காருவேன்" என்றான்.

"உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க வால் இல்லையே" என்றாள் தங்கை.

அன்று மூவரும் சிரித்தார்கள். சில வாரங்களில் உறுமல் போய்விட்டது. மிளகு வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவானது.

இப்போது குளியலறைப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் சொட்டுகிறது என்று நினைத்தாள். மிளகு உடனே அவளிடம் வந்து பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தது. "அது நான் இல்லடா, கள்ளா" என்று அதன் காதைக் கோதினாள். ஆனாலும் ஒரு துண்டு கொடுத்தாள்.

மிளகு மறுபடி திரும்பியது. அதே சுவர்தான், கொஞ்சம் இந்தப் பக்கம்.

இம்முறை அவள் 'டக்' சொல்லவில்லை. நாயைக் கவனித்தாள். வாசனையைத் தேடும் நாய் மூக்கைத் தாழ்த்தும். சத்தத்தைத் தேடும் நாய் தலையைச் சாய்த்துக் காதை அங்குமிங்கும் திருப்பும். மிளகு இரண்டும் செய்யவில்லை. அதன் பார்வைக்கு ஓர் உயரம் இருந்தது. வீட்டுக்கு வரும் ஆளின் முகத்தைப் பார்க்க நாய் எவ்வளவு நிமிருமோ, அதைவிடச் சற்று அதிகம் நிமிர்ந்திருந்தது. அதன் கண்மணிகள் ஒரே இடத்தில் நிற்கவுமில்லை. மெதுவாக நடந்து வருபவரைப் பார்க்கும்போது நகர்வதுபோல, வலமிருந்து இடமாக, விட்டுவிட்டு நகர்ந்தன.

சுவர் வெறுமையாக இருந்தது. ஆணிகூட இல்லை.

ஃபோனை எடுத்தாள். ஃபோனில் அழுத அன்று, மிளகு இரவில் உறுமுவதைக் காட்டத் தங்கை அனுப்பிய வீடியோ இன்னும் அதில் இருந்தது. உறுமலைக் கேட்பதற்காக அதைப் பலமுறை போட்டிருக்கிறாள். இப்போது ஒலியை அணைத்துவிட்டு வெறும் உடலை மட்டும் பார்த்தாள். தொட்டில். உள்ளே பிள்ளை. தொட்டிலை ஒட்டி மிளகு, கால்களை அகட்டி, மயிர் சிலிர்த்து.

அதன் முதுகு தொட்டிலின் பக்கம் இருந்தது.

பயப்படும் நாய் பயப்படும் பொருளுக்கு முதுகைக் காட்டாது. முதல் வகுப்பில் அவள் சொல்லித்தரும் பாடம் அது. மிளகு பிள்ளையைப் பார்த்து உறுமவே இல்லை. பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து, நடைவழியைப் பார்த்து உறுமியிருக்கிறது. எதைப் பார்க்கிறது என்று அவள் கேட்கவில்லை. அடிக்காமல், திட்டாமல், ஒவ்வொரு துண்டாக ஊட்டி, அந்தக் குரலை அதனிடமிருந்து எடுத்துவிட்டாள். நடைவழியில் வருவதைக் கண்டால் உட்காரக் கற்றுக்கொடுத்தாள். அதைக் கண்டால் சந்தோஷப்படக் கற்றுக்கொடுத்தாள்.

நடைவழியின் வாடை இப்போது ஹாலுக்கே வந்திருந்தது.

"மிளகு," என்றாள். "உறுமுடா. ஒரு தடவை. என் கண்ணுல்ல, உறுமுடா."

அவள் குரலில் இருந்த கெஞ்சல் அதற்குப் புரியவில்லை. காதுகளைப் பின்னால் தள்ளி, உடலைக் குழைத்து, வாலாட்டியது. பிறகு வந்தவரை வரவேற்பதுபோல் நடைவழியின் பக்கம் திரும்பியது. நிமிர்ந்தது. பார்த்தது.

படுக்கையறைக் கதவு நிலையை.

அவள் ஹாலிலேயே நின்றாள். ஹாலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நின்றது. மழைச் சத்தம் மட்டும். மிளகின் தலை மெல்லத் திரும்பியது, யாரோ வாசலைத் தாண்டி உள்ளே போனால் எப்படித் திரும்புமோ அப்படி. அப்புறம் அது அவளைப் பார்த்தது. உட்கார்ந்தது.

ஓடினாள்.

அறைக்குள் எதுவும் இல்லை. திரைச்சீலை அசையவில்லை. பிள்ளை விழித்திருந்தான். அழவில்லை. கையையும் காலையும் உதைக்கவில்லை. மேலே, தொட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே அவள் பார்க்கவில்லை. குனிந்தாள். அள்ளினாள். தோளில் போட்டுக்கொண்டு, தொட்டில் இடுப்பில் இடித்ததுகூடத் தெரியாமல், ஹாலுக்கு ஓடிவந்தாள்.

வாசல் கதவு. தாழ்ப்பாள். ஒரு கையால் துழாவினாள்.

மிளகு பின்னாலேயே வந்தது. கதவைத் திறக்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த வீட்டில் அவளுக்கு இருந்த கண்கள் அதனுடையவைதான். திரும்பினாள்.

மிளகு நடைவழியைப் பார்க்கவில்லை. படுக்கையறையைப் பார்க்கவில்லை. எந்தச் சுவரையும் பார்க்கவில்லை. அவள் மூச்சை விட்டாள். போய்விட்டது. பின்தங்கிவிட்டது. பிள்ளையின் முதுகைத் தட்டினாள். "ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா வந்துடுவா."

பிள்ளை அசையாமல் கிடந்தான். தலை அவள் தோளில், முகம் அவள் முதுகுப் பக்கம். முன்னைவிடக் கனமாக இருந்தான். அவன் கழுத்தில் பால் வாசனை இல்லை. பெட்டியில் மடித்து வைத்த துணி.

பிள்ளையைத் தூக்கினால் மிளகு எப்போதும் ஒன்று செய்யும். பின்கால்களில் எழும்பி, தொங்கும் பிஞ்சுக் குதிகாலை ஒருமுறை நக்கிவிட்டுப் போகும். இன்று எழும்பவில்லை.

தலையை மெல்லத் திருப்பியது.

அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தது.

பிறகு அவள் கண்ணைப் பார்த்தது.

உட்கார்ந்தது. வால் தரையைக் கூட்டியது. காத்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் காதுக்கு வெகு அருகில், தோளின் மேலிருந்து, தெளிவாக, 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

மிளகு சந்தோஷமாக வாயைத் திறந்தது.