வெறும் தூளி

குழந்தை இளமதியின் மடியில் இருந்தது. ஆனால் காலித் தூளிக்கு நேர் மேலே தொங்கிய பெட்டி, நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் அடைமழை மதியம். காயாத துணியின் வாடையும் பால் வாடையும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை; இருபத்து மூன்று நாளில் இரண்டு தடவை தூக்கத்தில் மூச்சு நின்று மீண்டிருக்கிறது. அதனால்தான் அவள் கணவன் சித்தார்த், உடம்பைத் தொடாமலே மூச்சை எண்ணும் அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே செய்து மாட்டினான். நேற்று அதைச் சோதிக்க வெறும் தூளியை ஆட்டி ஆட்டி எண்ணினான். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி பதறிப்போனாள்.

"வெறும் தூளிய ஆட்டாதப்பா. புள்ளைக்கு ஆவாது."

படித்தவன் காதில் அதெல்லாம் ஏறுமா? சிரித்துக்கொண்டே இன்னும் பத்து ஆட்டு ஆட்டினான்.

இளமதி, கடலூர் போயிருந்தவனைப் போனில் பிடித்தாள். "தூளியில யாருமே இல்லங்க. நாப்பத்திரண்டு காட்டுது."

"ஃபேன் காத்துல துணி ஆடும். ஆஃப் பண்ணிட்டுப் பாரு."

நிறுத்தினாள். துணி அசையவில்லை. நாற்பத்திரண்டு.

"அப்ப பெட்டிய புள்ள பக்கம் திருப்பு."

பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுத் திருப்பினாள். முப்பது. அப்பாடா என்றிருந்தது. மனசு கேட்காமல் தூளிப் பக்கம் திருப்பினாள். ஐம்பது. மறுபடி பிள்ளை. பதினெட்டு.

"பெட்டி கெட்டுருக்கும். பயப்படாத, கெளம்பி வரேன்," என்று போனை வைத்துவிட்டான்.

மூச்சு நின்றால் உள்ளங்காலைச் சுண்டிவிடச் சொல்லியிருந்தாள் நர்ஸ். சுண்டினாள். கால் சில்லிட்டிருந்தது. பிள்ளை அசையவில்லை.

தூளிக்குள் ஏதோ உதைத்தது.

மறுபடி சுண்டினாள். தூளிக்குள் மறுபடி உதைத்தது. துணி கனத்து, தரைப்பக்கம் தாழ்ந்தது.

ஏழு.

"கண்ணு, மூச்ச விடு கண்ணு." வாயோடு வாய் வைத்து ஊதினாள். தூளித் துணி உப்பி அடங்கியது.

இரண்டு.

பூஜ்யம்.

தூளிக்குள்ளிருந்து பசி அழுகை கிளம்பியது. அதே குரல். பாயில் கிடந்த பிள்ளையின் வாய் அசையவே இல்லை. குனிந்திருந்த இளமதியின் மார்பு அவளைக் கேட்காமலே சுரந்தது; பால் நைட்டியை நனைத்து, அந்த நீலம் பாரித்த உதட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.