பின்னால் நிற்கிறாள்

முகாமின் மூன்றாம் வரிசையில், இருபத்திரண்டாம் எண் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு பத்து. குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். என் கைக்கடிகாரம் சில நாள் நான்கு நிமிடம் முந்தும். அதனால் நான்கு ஆறாகவும் இருக்கலாம்.

போரில் வீடிழந்து மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர்களின் முகாம் அது. தகரமும் சிமெண்ட் அட்டையுமாக நின்ற பழைய வரிசைகளை இடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனம் புதிய வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. பட்டியல் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, குடும்ப அட்டையில் உள்ள பெயர்களைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே டிக். அட்டையில் இரண்டு பேராவது இருந்தால் தனி வீடு. ஒற்றை ஆள் என்றால் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில்.

நான் கமுதிப் பக்கம். கொத்தனார் முனியசாமி அண்ணனும் அந்தப் பக்கம்தான். அந்த உரிமையில், கொசுவுக்கும் பேர் கேட்டு டிக் போட்டுவிட்டுத்தான் வருவான் என்று என்னைக் கேலி செய்வார்.

"சுகந்தி" என்று கூப்பிட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வாசலுக்கு வந்தார்.

"தர்சிகா."

வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. ஈரப் பாசியின் வாடை வந்தது. கடல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்.

"நிக்கிறாள் தம்பி. பின்னால" என்றார் சுகந்தி, குரலைத் தாழ்த்தி.

எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு சிறுமி. ஒன்பது வயதிருக்கும். சட்டையின் ஓரம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதம் இரண்டிலும் வெள்ளை மணல். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

டிக் போட்டேன்.

அன்று, நான் படிக்கும் மாலை வகுப்புக்காக ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் படிவத்தை மறுபடி எடுத்தேன். எதையும் இரண்டு முறை பார்க்காவிட்டால் எனக்கு மனது கேட்காது. தர்சிகா, வயது ஒன்பது. அட்டையில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். பார்த்ததும் ஒன்பது வயதுதான். சரி. கீழே அட்டை பதிந்த ஆண்டு.

2008.

அதற்குப் பின் போன பதினேழு வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன்.

இருபத்தாறு வயதுப் பெண்ணாக இருந்திருக்க வேண்டும் அவள்.

மறுநாள் முனியசாமி அண்ணனிடம் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகாமில் கேள்விப்பட்டதைச் சொன்னார். இந்தியக் கரை வந்துவிட்டது என்று சொல்லி, படகுக்காரர்கள் தாயையும் மகளையும் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றரை நாள் வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. மீனவர்கள் கண்டுபிடித்தபோது தாய்க்கு மட்டும் உயிர் இருந்தது. பிள்ளையை அந்த மணலிலேயே புதைத்தார்கள். கரையில் பதிவு செய்தவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, சுகந்தி இரண்டு என்றார். அதன்பின் ஒவ்வொரு ஆள்கணக்கிலும் பெயரைக் கூப்பிடுவார்கள், பின்னால் நிற்கிறாள் என்று அவர் சொல்வார், வந்தவர்கள் எட்டிப் பார்க்காமலே டிக் போட்டுவிட்டுப் போவார்கள்.

"நீ எட்டிப் பாத்தியாக்கும்?" என்றார் முனியசாமி அண்ணன்.

நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"ஏலே, பேசாம விட்டுரு. ஒத்த வீடு. எவன் வந்து கேக்கப் போறான்?"

யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் 'நேரில் கண்டேன்' என்று அச்சிட்ட வரிக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. கண்டதை நானே நம்பவில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் பார்த்த கண் என்று சொல்லிக்கொண்டேன். படிவம் இன்னும் என்னிடம்தான் இருந்தது. பெயரின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தேன்.

மை காயவில்லை.

அரை மணி கழித்துத் தொட்டபோதும் விரல் ஈரமானது. அந்த விரலை ஏன் நாக்கில் வைத்தேன் என்று தெரியவில்லை.

உப்பு.

பட்டியல் மேலே போயிற்று. பதினெட்டாம் தேதி மூன்றாம் வரிசையை இடித்தார்கள். சுகந்திக்குப் பொதுக்கூடத்தில் சுவரோரக் கட்டில் கிடைத்தது. பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு வருசமும் என்னோட இருந்தவள். நீங்கள் கோடு போட்ட அண்டைக்கே போயிட்டாள்."

எங்கே என்று கேட்டேன்.

"பேர் கூப்பிடுற இடத்திலதான் அவள் நிப்பாள், தம்பி. கடைசியாக் கூப்பிட்டது நீங்கள்தானே." பிறகு, காதோடு சொல்வதுபோல: "தண்ணி கேப்பாள். குடுங்கோ."

அந்தப் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பட்டியல் முடிந்தது என்றார்கள். கண்டேன் என்றும் நீதான் எழுதினாய், இல்லை என்றும் நீதான் அடித்தாய், இப்போது இருக்கிறாள் என்கிறாயா என்று ஒருவர் சிரித்தார். அவர் கேட்டதில் தவறில்லை.

இருபத்தாறாம் தேதி அந்தக் கட்டில் காலியாக இருந்தது. விடிகாலையில் தனுஷ்கோடிப் பக்கம் நடந்து போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. மகளைத் தேடித் திட்டுக்குப் போயிருப்பார். அங்கே அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நேற்று மாலை வகுப்பில் வருகைப் பதிவு. பதிவேட்டில் மொத்தம் இருபது பேர், எல்லாரும் வந்திருந்தார்கள். என் பெயர் கடைசி.

"மாரிச்செல்வம்."

"உள்ளேன் ஐயா."

ஆசிரியர் பதிவேட்டை மூடவில்லை. தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தொண்ணு வருதே" என்றார். "மாரி, ஒனக்குப் பின்னால நிக்கிற பிள்ள யாரு? ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

பாசி வாடை வந்தது.

நான் திரும்பவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன்.

கையில் கனம் குறைந்துகொண்டே வந்தது.