இல்லாத அறிகுறி

தங்கையின் இடது காது மட்டும் சில்லென்று இருந்தது.

தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் விரல்களை மெல்லக் கூந்தலுக்குள் விட்ட பெரியவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சிரிப்பு. வலது காது தூக்கத்தின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. இடது காது மட்டும் ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஒட்டவைத்ததுபோல் விறைத்துக் கிடந்தது. மாட்டிக்கொண்டாயா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏனென்றால் அப்படியொரு அறிகுறி உலகத்தில் எந்த நோய்க்கும் கிடையாது. அதை முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் நின்றபடி இட்டுக்கட்டியவளே அவள்தான்.

"இந்த மாதிரி கேஸ்ல ஒண்ணு கவனிக்கணும்மா. இடது காது மட்டும் ஜில்லுன்னு ஆயிடும். அது வந்தாத்தான் நிஜமான வியாதி."

அம்மாவிடம்தான் சொன்னாள். ஆனால் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. குரலையும் கொஞ்சம் உயர்த்தித்தான் வைத்திருந்தாள்.

பெரியவள் தெருமுனை கிளினிக்கில் நர்ஸ். வாசலை ஒட்டிய மேசையில் அமர்ந்து எடை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், அதற்குள் வந்தவர்களின் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவாள். காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தவரிடம் சர்க்கரை பார்க்கச் சொன்னாள். வெறும் வாயுத் தொல்லை என்று தாடையைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்ற பெண்ணை வரிசையைத் தாண்டி உள்ளே இழுத்துப் போனாள், அது இதயம். எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டபோது, சிரிப்பை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள், அதில் பிளேடு கீறிய கோடுகள். நோயாளிகள் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை உண்டு.

அப்பா போன பிறகு பதினோரு வருடம் அம்மாவும் அவளும் மட்டும்தான். வேலை முடிந்து படியேறும்போதே கதவு திறக்கும். காலடிச் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு வெளியூரில் படிப்பு, வேலை என்று இருந்துவிட்ட சின்னவள் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். "முடியலம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து பெரியவள் தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொள்கிறாள்.

அம்மாவின் நாற்காலி சின்னவளின் கட்டிலருகே போயிற்று. அம்மாவின் கண்ணாடி, மருந்து டப்பா, சீப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அந்த அறைக்குக் குடிபோயின. மதியம் வரை தூங்கும் பெண்ணுக்கு அம்மா தலைவாரிவிட்டாள். குளியலறைச் சாக்கடையில் கொத்துக் கொத்தாக முடி அடைத்தது; அதை அள்ளிப் போடுவது பெரியவளின் வேலை. மின்விசிறியை அணைத்துவிட்டுக் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு, கரகரத்த குரலில், யோசித்து யோசித்து ஒரு வார்த்தை பேசி, காரணமில்லாமல் அழுது, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள். நடிப்பு, என்றாள் பெரியவள். பன்னிரண்டு வயதில் தனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கைக்குழந்தையின் இருமலுக்காக அம்மா அடுத்த அறையிலேயே இருந்துவிட்டதும், தானே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் தண்ணீர் குடித்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அந்தக் கைக்குழந்தைதான் இப்போதும் படுத்திருக்கிறது.

அதனால்தான் பொறி வைத்தாள். காதும் சில்லிட்டது. ஈரத் துணியை வைத்திருப்பாள், ஐஸ்கட்டியை வைத்திருப்பாள் என்று தலையணைக்கடியில் தேடினாள். உலர்ந்திருந்தது.

பரவாயில்லை. அடுத்த பொறியை வைத்தாள். "அப்புறம் எல்லாத்துலயும் இரும்பு வாடை அடிக்கும்மா. பச்சத் தண்ணிலகூட."

மறுநாள் காலையில் சின்னவள் டம்ளரைத் தள்ளிவிட்டாள். "ஏதோ துருப்பிடிச்ச மாதிரி நாறுதும்மா." அம்மா பதறிப்போய்க் குழாயை மோந்து பார்த்தாள், பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினாள். பெரியவள் தன் உணவுப் பெட்டியைத் தானே கட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

இனி நடிக்க முடியாத ஒன்றைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தாள். சாயங்காலம் திரும்பியதும் கைகூடக் கழுவாமல் சொன்னாள்.

"சாதாரணமா வெளிச்சம் பட்டா கண்ணோட கருமணி சுருங்கும்மா. இந்த வியாதில விரியும்."

அதை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது. சின்னவள் மாட்டப்போகிறாள், அம்மா பார்க்கப்போகிறாள், இந்த வீடு பழையபடி ஆகப்போகிறது. மறுநாள் பெரியவளுக்கு வார விடுமுறை. மழை மூட்டம் போட்ட காலை. ஜன்னல் கண்ணாடியில் ஓடும் நீரின் நிழல் சுவரெல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. அறையில் தைல வாடையும், வெகுநாள் உதறாத போர்வையின் புழுக்கமும். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கூப்பிடும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று, பெரியவள் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துத் தங்கையின் கண்ணில் அடித்தாள்.

கருமணி விரிந்தது.

டார்ச்சை அணைத்தாள். சுருங்கியது. அடித்தாள். மை சிந்தியதுபோல் விரிந்து, பழுப்பு வளையத்தைத் தின்று, வெள்ளை விளிம்பு வரை வந்து நின்றது. அந்தக் கருப்புக்குள் தன் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"என்னக்கா?" என்றாள் சின்னவள். "எதுக்கு இப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

டார்ச் நழுவிக் கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிய அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றே தங்கையை கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சின்னவளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெல்லிய குரலில் ஏதேதோ கேட்டார். சின்னவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு டாக்டரம்மா பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தைராய்டு சுரப்பு கொறஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க. மனசும் ரொம்ப சோர்ந்து போயிருக்கு. ரெண்டுக்கும் மருந்து இருக்கு. ஆனா முகம் வீங்கியிருக்கு, முடி கொட்டுது, குரல் மாறிப்போச்சு, குளிர் தாங்கல. வாசல்ல வர்றவங்களுக்கெல்லாம் சொல்ற ஆளு நீங்க. வீட்டுக்குள்ள ரெண்டு மாசமா தெரியலையா?"

 பெரியவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைச் சேர்த்துப் பார்க்க அவள் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

"மேடம், கண்ணையும் ஒரு தடவ பாத்துடுங்க."

டாக்டரம்மா சின்னவளை மறுபடி எதிரே உட்காரவைத்துக் கண்ணில் டார்ச் அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். டார்ச்சைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"இதுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமில்ல. இப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல. திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

திரும்பும்போது டாக்ஸியில் அம்மாவும் சின்னவளும் பின்னால் அமர்ந்தார்கள். பெரியவள் முன்னால். கண்ணாடி துடைப்பானின் தேய்ப்புச் சத்தத்துக்கு நடுவே பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. என் கண்ணு, என் தங்கம், ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன். அம்மா இருக்கேன். பெரியவள் முன்கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள். சின்னவள் ஏதோ முனகினாள், அம்மா "சொல்லுடா, சொல்லுடா" என்று குழைந்தாள்.

அந்தக் குரல் அடங்கித் தொலையாதா.

நினைத்தாள். நினைக்க மட்டும்தான் செய்தாள்.

முனகல் பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்த்தபோது சின்னவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. மூச்சுக் காற்றுகூடச் சத்தமில்லாமல் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்காவிடம் பார்வை நின்றது.

பெரியவள் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து உதட்டுக்குள் சொன்னாள்: குரல் வரணும். அவளுக்குக் குரல் வந்துடணும். இந்த வியாதி சரியாகும்போது முதல்ல குரல்தான் வரும். மூன்று தடவை சொன்னாள். வெளியே போய்ப் பார்த்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தமில்லை.

மறுபடி போய்ச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அம்மா அடுத்த அறையில் ராகம் போட்டதுபோல் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவளின் வாய் குரல் வரணும் என்றது. காது அந்தச் சமாதானத்தில் எத்தனை கண்ணு, எத்தனை தங்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. வாய் சொல்வதல்ல. காது எண்ணுகிறதே, அதுதான் வேலை செய்கிறது. அது தன் சொல் கேட்காது.

இனி எதையும் நினைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பாத்திரங்களைத் தேய்த்தாள். பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினாள். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எண்ணிக்கைக்கு நடுவே கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அம்மா சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊதுகிற சத்தம். ஊட்டுகிற சத்தம். ஊதுகிற சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சொல்லிவிடுவதுதான் வழி. அம்மாவிடம் சொல்லிவிட்டால் அம்மா திட்டுவாள், அடிப்பாள், இந்த வீட்டிலிருந்து எங்காவது அனுப்பிவிடுவாள். இரண்டு பேரும் தப்பிப்பார்கள்.

அறை வாசலில் போய் நின்றாள். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். அம்மா இவளுக்குத் தோளைக் காட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

"அம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

"ம்."

"இவளுக்கு இப்பிடி ஆனதுக்கு நான்தாம்மா காரணம். நான் சொன்னேன்ல, காது, கண்ணு... அதெல்லாம் பொய். எந்த வியாதிலயும் அப்பிடி வராது. நானா சொன்னது. நான் சொல்லச் சொல்ல வருதும்மா."

கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் உரசியது.

"அம்மா, கேக்குதா?"

"சூப் ஆறிடும். அப்புறம் பேசலாம்."

"அம்மா, இவ உயிர் விஷயம்மா—"

"பாவம், ரெண்டு வாய் உள்ள போகட்டும். நீ போய் அந்தப் போர்வைய எடுத்துட்டு வா." திரும்பவேயில்லை.

எண்ணிக்கை அறுந்தது. பதினோரு வருடமும் காமாலையும் சாவியும் ஒன்றாகத் திரண்டு வந்தன. தடுக்கக் கை நீட்டுவதுபோல் மனதை நீட்டினாள். எட்டவில்லை.

என்னைப் பார். என்னை மட்டும் பார்.

கரண்டி பாதி வழியில் நின்றது.

அம்மா திரும்பினாள்.

பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பார்க்காத மாதிரி, முகம் முழுக்க மலர்ந்து, குளிர்ந்து, கனிந்து பார்த்தாள். ஒரு நொடி, வெட்கத்தை விட்டுச் சொன்னால் இரண்டு நொடி, பெரியவளின் நெஞ்சுக்குள் இனித்தது.

"அம்மா."

அம்மா இமைக்கவில்லை.

கரண்டி சரிந்தது. சூப் சின்னவளின் மார்பில் கொட்டியது. சின்னவள் சத்தமில்லாமல் துடித்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"அம்மா, அவளப் பாரும்மா. சுடுதும்மா அவளுக்கு."

இமைக்கவில்லை. திறந்த கண்களிலிருந்து நீர் வழிந்தது. புன்னகை அப்படியே இருந்தது.

பெரியவள் துண்டை எடுக்க ஓடினாள். அலமாரி நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. ஓடும்போதே அந்தப் பார்வை கன்னத்தில் ஊர்வது தெரிந்தது. துண்டை உருவினாள். பின்னால் ஒரு சத்தம். மெல்லிய சத்தம். ஈர விறகை முறுக்குவதுபோல்.

திரும்பினாள்.

அம்மாவின் உடல் கட்டிலைப் பார்த்தே அமர்ந்திருந்தது. மடியில் கிண்ணம். கைகள் அதைப் பிடித்தபடி. ஆனால் முதுகுக்கு மேலே முகம் இருந்தது. ஒரு கழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பெரியவளுக்குத் தெரியும். அது அங்கே நிற்கவில்லை.

தோள்பட்டைக்கு மேல் தோல் கயிறுபோல் முறுக்கியிருந்தது. உதடு நீலம். கண்களில் மட்டும் அன்பு.

பெரியவள் துண்டோடு அரை அடி நகர்ந்தாள்.

முகமும் நகர்ந்தது. அந்தச் சத்தம்.

நின்றாள். மூச்சை அடக்கினாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், அகன்ற கருமணிகளோடு, சின்னவள் கைகூப்பி வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அம்மாவின் கன்னத்தில் வழிந்த நீர் முதுகில் சொட்டியது.

பெரியவளின் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின.