அவளுக்குப் புரியாத ஞாயிற்றுக்கிழமை

"இன்னிக்கும் கிளம்பியாச்சா?"

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறியபடி, திரும்பிப் பாராமல் கேட்டாள் நெஸ்டா. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். முப்பத்து நான்கு வருஷமாகத் தம்பி மனைவி பாலினிடம் அவள் பேசியது ஆங்கிலம் மட்டுமே.

பாலின் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டாள். "ரெண்டு மணி நேரந்தான் நெஸ்டா. பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன்."

"செவ்வாய் ஆச்சு, வெள்ளி ஆச்சு... கட்டின புருஷன் ஒரு கை விளங்காம நாற்காலியில உட்கார்ந்திருக்கான். சினை ஆடுங்க எல்லாம் இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. மகாராணிக்கு டவுன்ல அப்படி என்ன ஜோலியோ."

ஜன்னலோரம் எம்லின் உட்கார்ந்திருந்தார். வெளியே பென்ரல்ட் பண்ணையின் சரிவு முழுவதும் மழையில் மங்கிக் கிடந்தது. திரும்பி, மனைவியைப் பார்த்து வெல்ஷ் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அந்தக் குழறல் பேச்சில் பாலினுக்கு நாலைந்து வார்த்தைகள்தான் பிடிபட்டன. மீதி நழுவிப் போயின.

"என்ன சொல்றார்?" என்றாள்.

"மழை விடாதாம்" என்றாள் நெஸ்டா.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா அர்த்தம்?

போன அக்டோபரில் பக்கவாதம் வந்தபோது எம்லினின் பேச்சு முழுதும் போயிற்று. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது தாய்மொழியான வெல்ஷ் மட்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் வரவேயில்லை. பாலின் பேசினால் கண் கலங்கப் பார்ப்பார். பாதி புரியும், பதில் வராது.

"இந்த வீட்ல அவர் இங்கிலீஷ் பேசுறது ரெண்டே பேர்கிட்டதான். ஒண்ணு நான், இன்னொண்ணு நாய்" என்று பாலின் ஒரு காலத்தில் சொல்லிச் சிரித்ததுண்டு. அந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் பலரையும் போல எம்லினும் நாய்க்கு ஆங்கிலத்தில்தான் கட்டளை கொடுப்பார். இப்போது அந்த நாய், மோஸ், வாசற்படியில் தலையைச் சாய்த்துப் படுத்துக் கிடந்தது, வராத கட்டளைக்காக.

அதைத் தாண்டித்தான் பாலின் காருக்குப் போனாள்.

டோல்கெல்லாய் டவுனில், தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கூடத்தில் வகுப்பு. முதல் நாள் ஆசிரியை குவென்னன் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டிருந்தாள்: எதற்காக வெல்ஷ் கற்க வந்தீர்கள்? கவுன்சில் வேலைக்கு என்றான் ஒருவன். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர என்றாள் ஒருத்தி. பாட்டுக்குழுவில் பாடுகிற வரி இன்னதென்று தெரியாமலே பன்னிரண்டு வருஷம் பாடிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க, பாலின்?"

"என் புருஷனோட பேசணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. தடுமாறி ஒரு வார்த்தை வெல்ஷில் சொன்னால் போதும், கடைக்காரர் முதல் தபால்காரர் வரை இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நெஸ்டாவோ இரக்கப்படவும் மாட்டாள். எம்லினிடம் ஒரு முழுப் பேச்சாவது பிழையில்லாமல் பேச வரட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தாள்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அவள் திரும்பியபோது கஞ்சிப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. நெஸ்டா தம்பியின் நாற்காலி அருகே நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"உன் கார் எங்க நிக்குதுன்னு இப்பத்தான் போன்ல சொன்னாங்க. முதியோர் இல்ல வாசல்ல. வாரா வாரம்."

"அதுக்குப் பக்கத்துல..."

நெஸ்டா கேட்கவில்லை. தம்பியின் பக்கம் திரும்பி வெல்ஷில் கொட்டினாள். "கேட்டியா எம்லின்? உன்னைக் கொண்டுபோய் இல்லத்துல தள்ளப் பார்க்கிறா. முப்பத்து நாலு வருஷம் இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, நம்ம பாஷையில ஒரு வார்த்தை கத்துக்கணும்னு தோணலை இவளுக்கு. அவ்வளவு இளக்காரம். இவளா உன்னைக் கடைசிவரை பார்த்துக்கப் போறா?"

ஒவ்வொரு சொல்லும் பாலினுக்குப் புரிந்தது.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெல்ஷில் பேசினாள்.

"நான்... இல்லம் பார்க்க... போகலை. பக்கத்துக் கூடத்துல... படிக்கிறேன். எம்லினோட... பேச."

எம்லினின் நல்ல கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

நெஸ்டா ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், "போதும், காது கூசுது. இங்கிலீஷ்லயே பேசு. முப்பது வருஷம் முன்னாடி வந்திருக்கணும் இந்த ஞானம்" என்றாள்.

பாலின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதற்குப் பதில் அவளிடம் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷமே படிக்கத் தொடங்கியவள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் ஆட்டுக் கொட்டிலில் வைத்து எம்லின்தான், "வேண்டாம் பாலின், எனக்காக விட்டுடு. ஏன்னு கேட்காதே" என்றார். கேட்கவில்லை. விட்டுவிட்டாள். திமிர் பிடித்த இங்கிலீஷ்காரி என்ற பேரைச் சுமந்தாளே தவிர, உன் தம்பிதான் தடுத்தான் என்று ஒரு நாளும் நெஸ்டாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான்... வேண்டாம்னேன்."

எம்லின் பேசினார். வெல்ஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"அவ படிச்சுக்கிட்டிருந்தா, நெஸ்டா. நான்தான் நிறுத்தினேன்."

"நீயா? எதுக்கு?"

"அந்த ஞாயித்துக்கிழமை... ரெண்டாவது கருவும் கலைஞ்சு ஒரு மாசம். இந்த மேஜையில உட்கார்ந்து அம்மாகிட்ட நீ என்ன சொன்னே? ஈனாத ஆட்டை நாம சந்தைக்கு ஓட்டிடுவோம், இதை மட்டும் ஏன் வச்சுக்கிட்டுத் தீனி போடறோம்னு... அவளுக்கு எதிர்லயே. அவளுக்குப் புரியலை. சிரிச்சுக்கிட்டே உன் தட்டுல உருளைக்கிழங்கு வச்சா."

நெஸ்டாவின் கை கழுத்துக்குப் போனது.

"இன்னும் ரெண்டு மாசம் படிச்சா புரிஞ்சிடும்னு பயந்தேன். உன் வாயை மூடியிருக்கணும் நான்... தைரியம் இல்லை. அவ காதை மூடிட்டேன்."

அவர் கண்ணீரோடு பாலினைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்ததா என்று தேடினார். புரிந்துவிட்டது என்று அவள் கண்களே சொல்லிவிட்டன. கணவர் வாயிலிருந்து வெல்ஷில் அவள் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் பேச்சு... அது இப்படியா இருக்க வேண்டும்?

பாலின் அவர் அருகே மண்டியிட்டு, விளங்காத அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் எத்தனையோ வாக்கியங்கள் ஒப்பித்துச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அழாதீங்க" என்றாள் வெல்ஷில். "நான் இங்கதான் இருக்கேன்."

"காரியாத்" என்றார் அவர். என் அன்பே என்று அர்த்தம். எல்லா வருஷங்களிலும் அவர் அவளிடம் விடாமல் சொல்லிவந்த ஒரே வெல்ஷ் சொல் அது.

அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். மோஸ் எழுந்து வந்து அவள் காலடியில் நின்றது. மழை விட்டிருந்தது. கீழ்க்கொட்டிலில் ஓர் ஆடு விட்டு விட்டுக் கத்தியது. அவள் காதில் முப்பத்து மூன்று வருஷம் தாமதமாக வந்து விழுந்த அந்த வாக்கியம் இன்னும் நின்றபாடில்லை. ஈனாத ஆடு. உருளைக்கிழங்குக் கரண்டியோடு சிரித்து நின்ற அந்த இளம் பெண்ணை நினைத்தாள். அவளுக்காக இப்போதுதான் அழ முடிந்தது.

பின்னால் காலடிச் சத்தம்.

நெஸ்டா வந்து நின்றாள். எழுபத்திரண்டு வயசு அவளுக்கு. அரை மணி நேரத்தில் இன்னும் பத்து கூடியதுபோல் இருந்தாள். வாயைத் திறந்தாள். வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

பிறகு வெல்ஷில் சொன்னாள், வேகமாக, தலையைக் குனிந்தபடி: "பாலின், நான் சொன்னது பாவம். அன்னிக்கே உன் கால்ல விழுந்திருக்கணும். என்னை மன்னிச்சிடு."

முதல் முறையாக அவள் தன் பாஷையில் பாலினிடம் பேசினாள்.

பாலின் திரும்பினாள். வகுப்பின் முதல் நாளே சொல்லித்தந்த வாக்கியம், எல்லா மாணவர்களும் கடையிலும் தெருவிலும் சொல்லப் பழகும் வாக்கியம், இப்போது தடுமாறாமல் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

நெஸ்டா நிமிர்ந்தாள். அவள் உதடு கோணியது. பாலினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சொல் சொல்லாக நிறுத்தி, அத்தனையையும் மறுபடி சொன்னாள். கடைசிச் சொல்லுக்கு வருமுன் குரல் உடைந்தது. பாலின் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

முதல் தடவையே அவளுக்குப் புரிந்திருந்தது.