அமுங்கிய ஏழு கேக்குகள்

காலை பதினொன்று பத்து. மேசைமேல் எட்டு கேக்குகள். ஏழின் நடுவயிறு உள்ளே போயிருந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். படப்பிடிப்பு அரங்கின் ஏசி எலும்பைத் தொட்டது.

"கொலைன்னு போன்ல சொன்னீங்க. பொணம் எங்க?"

"இதுதான் மேடம்." தயாரிப்பாளர் மேசையைக் காட்டினார்.

கேக் போட்டி சேனல் மாறி இன்றுதான் முதல் நாள். தொகுப்பாளர் புதிது, நடுவர் புதிது. பழைய முகம் ஒன்றே ஒன்று, அதுவும் இருக்கக்கூடாத முகம். பத்து வருடம் நிகழ்ச்சியைத் தொகுத்த 'கடி மன்னர்' மூலையில் ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். மடியில் அவருடைய காப்பிக் கோப்பை. அதை எடுத்துப் போகத்தான் வந்தாராம்.

"மாவு டப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தார். வேலை போன கடுப்பு. கேஸ் எழுதுங்க," என்றார் தயாரிப்பாளர்.

"நீங்க என்ன சொல்றீங்க?" இன்ஸ்பெக்டர் கடி மன்னரிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமை குழந்தைங்க நிகழ்ச்சி ஒண்ணு ஆரம்பிக்கிறேன் மேடம். போலீஸ் கேஸ் உள்ளவன நம்பி யாரு குழந்தைங்கள விடுவாங்க? கேஸ் எழுதினா அதுவும் போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

புதிய நடுவர் ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்தார். "பேக்கிங் பவுடர்ல எவனோ கை வச்சிருக்கான்."

"சுடும்போது பார்த்தீங்களா?"

"நடுவர் பார்க்கக் கூடாதுங்க. எது யாரோட கேக்குன்னு தெரிஞ்சிடும். பக்கத்து ரூம்ல அடைச்சு வச்சிருந்தாங்க."

"இந்த எட்டாவது யாரோடது?"

கடைசி மேசைப் போட்டியாளரான பல் டாக்டர் கை தூக்கினார். அவருடைய கேக் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"பவுடர் எங்க எடுத்தீங்க?"

"எல்லாருக்கும் ஒரே டப்பாதான் மேடம்." அவர் குரல் தழைந்தது. "என் மேசை வரைக்கும் கேமரா வயர் எட்டல. சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் டிவில வரேன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

சற்றுத் தள்ளி ஒப்பனைக்காரம்மா, புதிய தொகுப்பாளினியின் முகத்தோடு போராடிக்கொண்டிருந்தார். "அசையாதடி தங்கம். எத்தனை தடவைதான் பூசறது? கன்னமெல்லாம் செவந்து, மை வேற வழியுது."

இன்ஸ்பெக்டர் தன் விறைத்த விரல்களைப் பார்த்தார். பிறகு அந்த முகத்தை.

"ஏம்மா இப்படி வேர்க்குது?"

"முதல் நாள் மேடம். பயம்."

"பயத்துல வேர்க்கும். கன்னம் கன்னிப் போகாது. ஓவனுக்குள்ள தலைய விட்டியா?"

அவள் வழிந்த மையைத் துடைத்தாள். "கேமராவோட மேசை மேசையா போய், உள்ள எப்படி இருக்குன்னு கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்னு கேட்டேன். ஆவி பறக்கிற மாதிரி ஒரு ஷாட் வேணும்னு சார்தான்…"

எல்லாரும் தயாரிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"பாதி வேகும்போது கதவத் திறந்தா உப்பின கேக் உட்கார்ந்துடும்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க வீட்டுக்காரர் கேக் சுடறப்போ நான் ஓவன் பக்கம் போனாலே கரண்டிய எடுப்பார். கேமரா போன ஏழு மேசையும் காலி. போகாத மேசை பொழைச்சது. கொலையாளி நீங்கதான் சார். போலீசக் கூப்பிட்டதும் நீங்களே!"

போட்டியாளர்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

ஏழு பேரும் தரையை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவரான வங்கிக்காரர் தொண்டையைச் செருமினார். "கேமரா முன்னாடி கேட்டா எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? நான் ஒருத்தன்தான் திறந்தேன்னு நெனச்சேன். யாரோ சதி பண்ணிட்டாங்கன்னு சொன்னதும் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு."

சிரிப்பு அரங்கைச் சுற்றி வந்தது.

"பத்து வருஷம் உங்க கூடவும் கேமரா போச்சே," என்று இன்ஸ்பெக்டர் கடி மன்னரிடம் கேட்டார். "அப்போ கேக் எப்படித் தப்பிச்சுது?"

"கதவ மறைச்சுக்கிட்டு நிப்பேன் மேடம். போட்டியாளர் கை அந்தப் பக்கம் நீண்டா ஒரு கடி ஜோக். அவங்க தலையில அடிச்சு முடிக்கிறதுக்குள்ள கேக் வெந்துடும்."

"பார்த்ததுமே தெரிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தப் பொண்ணத்தானே வேலைய விட்டுத் தூக்குவாங்க. இன்னிக்குத்தான் வந்திருக்கு, பாவம்."

கேஸ் எழுதவில்லை. தயாரிப்பாளர் ஸ்டூல் அருகே போய் மன்னிப்புக் கேட்டார். குரல் எழும்பவில்லை; கடி மன்னர், "சத்தமா, மைக் இல்ல," என்றார். இன்ஸ்பெக்டர் அமுங்கிய கேக்கில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார்.

"அது தடயம் மேடம்!" என்றார் நடுவர்.

"நல்லா இருக்கு," என்று இன்னொரு துண்டு எடுத்தார்.

பன்னிரண்டு நாற்பது. ஓவன்கள் மறுபடி சூடேறின. கடி மன்னர் இன்னும் அங்கேதான் நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வங்கிக்காரரின் கை மெல்ல ஓவன் கதவை நோக்கி நீண்டது. தொகுப்பாளினி குறுக்கே பாய்ந்து நின்றாள். வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. வங்கிக்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும் சார். பேங்க்ல என்ன காரணம் சொல்லி இன்னிக்கு லீவு போட்டீங்க?"