வல்லிபுரத்தின் வண்டியில் யார்?

"இந்த இடத்திலதான் பிணம் ஒதுங்கினது."

வண்டிக்காரன் துவரங்கம்பை நீட்டிக் காட்டினான்.

கமலேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்தவனுக்கு, முதன்முதலாகக் காட்ட வேறு இடமே கிடைக்கவில்லையா?

கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரை. காலை வெயில். முள்ளுக்கம்பிச் சுருளுக்கு அப்பால் அலை ஒன்றும் அறியாததுபோல் வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஆரின்ரை பிணம்?" என்றான் அவள் கணவன் தவராசா.

"யோகலிங்கம் ஐயாட. ஒங்களுக்கு முந்தி அந்த ஆஸ்பத்திரியில மருந்து கலந்து குடுத்தவர். நீங்க இறங்கியிருக்கிற வீடும் அவர் இருந்ததுதான். நேத்துத்தான் பொலீஸ் பூட்டைக் கழட்டின."

சொல்லிவிட்டு அவன் கடலைப் பார்க்கவில்லை. மாட்டையும் பார்க்கவில்லை.

தவராசாவின் முகத்தையே பார்த்தான்...

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்று. யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போய் ஒரு வருடம் கழிந்திருந்தது. திருகோணமலைத் துறைமுகம் முழுவதும் போர்க்கப்பல். கரையில் கூலியாட்கள். அவர்களுக்கென்று யுத்தத்தோடு முளைத்த தற்காலிக ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டிஸ்பென்சராக நியமனம் பெற்று, முதல்நாள் மாலைதான் தவராசா ரயிலில் வந்து இறங்கியிருந்தான். கலியாணமாகி மூன்றே மாதம். கமலேஸ்வரி முல்லைத்தீவுப் பக்கத்தில் வயலும் மாடுமாய் வாழ்ந்த கமக்காரன் மகள்.

ஸ்டேஷனுக்கே வந்து வரவேற்றவர் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் கனகரத்தினம். தங்கமான மனிதர். ட்ரங்குப் பெட்டியைத் தானே தூக்கினார். இரவுச் சாப்பாடு அனுப்பினார். வேலை நாளைக்குத்தானே, ஒருநாள் ஆறுதலாக ஊரைப் பாருங்கள் என்று இந்த ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டியையும் அவரே பேசிவிட்டார். பொழுதுபடும்வரை திரும்பவே வேண்டாம் என்று அன்புக் கட்டளை வேறு!

பாவம், வந்த அன்றே பயமுறுத்தக் கூடாதென்று யோகலிங்கத்தின் சாவை மறைத்திருக்கிறார் என்று கமலேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

"அவரை முந்தியே தெரியுமா ஐயா?" வண்டிக்காரன் விடவில்லை.

"ஓம். கொழும்பிலை ஒண்டாப் படிச்சனாங்கள். பெரிய பழக்கமில்லை."

"ஓ..."

அந்த 'ஓ' கமலேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

வண்டி நகர்ந்தது.

பத்திரகாளி அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டார்கள். கடைத்தெருவில் தவராசா அவளுக்கு வளையல் வாங்கினான். மேட்டில் நின்று உள்துறைமுகத்தைப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் கப்பல்கள் மந்தை மந்தையாகக் கிடந்தன. தவராசா சின்னப் பிள்ளைபோல் ரசித்தான்.

வண்டிக்காரனோ கேள்வி மேல் கேள்வி கேட்டான். இந்த வேலையை யார் எடுத்துக் கொடுத்தது? யோகலிங்கம் கடைசியாக என்ன எழுதினார்? மருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பு இனி யார் கையில்?

"இஞ்சேருங்கோ..." கமலேஸ்வரி கணவனின் காதருகே குனிந்தாள். "இவன் வண்டிக்காரன் இல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

"மாடு இவன்ரை சொல்லுக் கேக்குதில்லை."

தவராசா சிரித்தான். உமக்கு எல்லாரிலும் சந்தேகம் என்றான்.

அந்தச் சிரிப்பு அடுத்த தேத்தண்ணிக் கடை வரைக்கும்தான்.

மாடு தானாகவே அங்கே போய் நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இது வல்லிபுரத்தின் மாடல்லவா, ஆள் எங்கே என்று விசாரித்தார். அவனுக்குக் காய்ச்சல் என்றான் வண்டிக்காரன்.

"காய்ச்சலோ? காலமை கண்டனான், நல்லாத்தானே இருந்தான்."

வண்டிக்காரன் அவசரமாகக் கயிற்றைப் பிடித்தான். மாட்டைத் தட்டினான்.

வண்டி சீனன்குடாப் பாதையில் திரும்பியது. வீடுகள் குறைந்தன. பற்றைக்காடு. மனித நடமாட்டமே இல்லை. அப்போது கயிற்றை இழுக்கக் குனிந்தவனின் சட்டை விலகியது...

இடுப்பில் கைத்துப்பாக்கி!

கமலேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யோகலிங்கத்தைக் கடலில் போட்டவன் இவன். வல்லிபுரத்தை என்ன செய்தானோ? அடுத்தது...

காலை மெல்ல வெளியே நீட்டினாள். ஒரு செருப்பை நழுவவிட்டாள்.

"அண்ணை, என்ரை செருப்பு விழுந்திட்டுது. ஒருக்கா எடுத்துத் தாறியளோ?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் பின்னால் நடந்தான்.

அவ்வளவுதான்! முன்னால் பாய்ந்தாள். கயிற்றைப் பிடித்தாள். அப்பனின் வயலில் கற்ற அதட்டலைப் போட்டாள். மாடு வாலைத் தூக்கிக்கொண்டு வட்டமடித்து வந்த வழியே பறந்தது. பின்னால் அவன் கத்தியது வண்டிச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

எங்கே போகிறோம் என்று தவராசா திணறினான்.

வீட்டுக்கு என்றாள். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். கனகரத்தினம் ஐயாவிடம் சொன்னால் அவர் பொலீஸைக் கூப்பிடுவார். இந்த ஊரில் நம்ப அவர் ஒருவர்தானே இருக்கிறார்!

வீட்டுப் படலை திறந்து கிடந்தது.

பின்பக்கம், தனியாக இருந்த குசினிக்குள் 'ணங்... ணங்' என்று சத்தம்.

இருவரும் ஓடினார்கள். வாசலில் உறைந்தார்கள்.

அடுப்பு பெயர்ந்து கிடந்தது. குழிக்குள் ஒரு பிஸ்கற் டின். அதன் வாய் நிறையக் கண்ணாடிக் குப்பிகள். பக்கத்தில் குழி தோண்டிய இரும்பு அலவாங்கோடு, வியர்வை வழிய...

கனகரத்தினம்.

"மோர்பியா..." தவராசாவின் குரல் தேய்ந்தது. "ஆஸ்பத்திரி ஸ்டோர் முத்திரை இருக்கு."

"கெதியாத் திரும்பிட்டியள், தம்பி." கனகரத்தினம் மிக அமைதியாகச் சொன்னார். "யோகலிங்கமும் உப்பிடித்தான். பாக்கக் கூடாததைப் பாத்தவன். நான் வித்ததுக்குச் சாட்சியா இதை எங்கையோ ஒளிச்சுப்போட்டு, நான் எவ்வளவு அடிச்சுக் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போனான்."

அலவாங்கு உயர்ந்தது.

கமலேஸ்வரி கணவனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவை அறைந்தாள். கொளுக்கியைப் போட்டாள். குசினிக்கு வேறு வாசல் கிடையாது!

உள்ளிருந்து அடி விழுந்தது. பலகை அதிர்ந்தது. இருவரும் முதுகைக் கொடுத்து நின்றார்கள். இன்னொரு அடி. பலகை பிளந்து அலவாங்கின் நுனி தவராசாவின் காதோரம் எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில் சீனன்குடாப் பக்கமிருந்து விரைந்துவந்த ஓர் இராணுவ லொறி படலையில் நின்றது. குதித்தது...

வண்டிக்காரன்! ஒரு கையில் துப்பாக்கி. மறு கையில் அவள் செருப்பு.

முன்னால் துப்பாக்கி, பின்னால் அலவாங்கு. கமலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க தங்கச்சி. நான் ஸஹாப்தீன். ஸி.ஐ.டி. இன்ஸ்பெக்டர்."

கதவைத் திறந்ததும் கனகரத்தினம் முதலில் பார்த்தது துப்பாக்கியின் வாயைத்தான். அலவாங்கு கீழே விழுந்தது.

லொறியில் வந்த சிப்பாய்கள் அவரை விலங்கு பூட்டிக் கொண்டுபோன பிறகு இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். மருந்தைத் திருடியது யோகலிங்கம்தான் என்று பொலீஸ் முடிவுகட்டியிருந்ததாம். அவர் இடத்துக்கு அவரோடு படித்தவனே வருகிறான் என்றதும், பங்காளிதான் சரக்கை எடுக்க வருகிறான் என்று சந்தேகப்பட்டார்களாம். வல்லிபுரத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தானே வண்டியேறி, காலையிலிருந்து தவராசாவை வேவு பார்த்தாராம். தனியிடத்தில் நிறுத்தி விசாரிக்கத்தான் சீனன்குடாப் பாதையில் திரும்பினாராம்.

"கனகரத்தினத்தில எனக்கு ஒரு துளியும் சந்தேகம் வரல்ல," என்றார் வெட்கத்தோடு.

"எனக்கும் வரேல்லை," என்றாள் கமலேஸ்வரி. "அதுதானே அவரிட்டை ஓடி வந்தனான்."

யோகலிங்கம் ஒளித்த டின்னைத் தவராசா கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தான். பிறகு தயங்கிக் கேட்டான், நாளைக்கு ஸ்டோரைத் தன்னிடம் யார் ஒப்படைப்பது என்று.

"ஒப்படைக்கிற ஆள் இப்ப கூட்டுக்குள்ள. ஸ்டோருக்கும் சீல் வைக்கணும். நாளைக்கும் நீங்க ஊர் பாக்கலாம் ஐயா. நானே வந்து மிச்சத்தையும் காட்டுறன்."

கமலேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கோ அண்ணை. ஆனா நீங்கள் பின்னாலை இருங்கோ... வண்டியை நான் ஓட்டுறன்."