காய்ந்த வட்டம்

மழை விட்டு அரை மணி நேரமாகியும் நாற்சந்தி முழுக்க ஈரம் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

வட்டமாக. இரண்டடி அகலம் இருக்கும். முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி அதையே பார்த்தார். இஸ்திரி வண்டி நின்ற இடமாக இருக்கும் என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் வண்டி நீளச் சதுரம். அதோடு, தூறல் தொடங்குமுன்பே இஸ்திரிக்காரம்மா அதைப் போட்டோ கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனதை அவரே பார்த்திருந்தார். மேலே கூரையில்லை, மரக்கிளையில்லை. சுற்றிலும் தண்ணீர் ஓடுகிறது, வட்டத்துக்கு மட்டும் வழிவிட்டு ஓடுகிறது.

அது எந்த இடம் என்று அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அந்த முனைக்கு மணிக்கூண்டு முக்கு என்று பெயர். மணிக்கூண்டு கிடையாது, பஸ் திரும்ப இடைஞ்சல் என்று எப்போதோ இடித்துவிட்டார்கள். பெயரை இடிக்க ஆளில்லாததால் அது மட்டும் நிற்கிறது. ஒரு சாலை ரயில் நிலையத்துக்கு, ஒன்று மில்லுக்கு, ஒன்று சந்தைக்கு. நாலாவது எங்கே போகிறது என்று கேட்டால் “அது பாட்டுக்குப் போவுது” என்பார்கள். நாலு சாலைக்கும் அடியில், குனிந்துகொண்டால் ஆள் நடக்கலாம் என்கிற அளவுக்குப் பழைய செங்கல் சாக்கடை ஒன்று ஓடுகிறது. மூலையில் டீக்கடை, போட்டோ கடை, பூட்டு ரிப்பேர், அப்புறம் மேஸ்திரியின் வீடு. எல்லோருக்கும் எல்லோர் வீட்டு விவகாரமும் அத்துப்படி. ஒருவர் தும்மினால் எதிர்ச்சாரியில் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த வீட்டை அவர் வாங்கியபோது இரண்டு படி ஏறி உள்ளே போக வேண்டும். இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். வீடு அசையவில்லை, சாலைதான் வளர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு தடவை தார் போட்டாகிவிட்டது, ஆறும் அவர் மேற்பார்வையில். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும் என்பது விதி. சாக்கடை மூடிகளின் கழுத்தைச் சிமெண்ட் வைத்து உயர்த்திவிட்டுத்தான் தார் கொட்ட வேண்டும் என்பதும் விதி. அதற்கெல்லாம் இரண்டு நாள் ஆகும். தார் வண்டி காத்திருக்காது, ஆறிப்போனால் கல்லு. அதனால் எல்லா ஊரிலும் எல்லா மேஸ்திரியும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மேலேயே போட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த இன்ஜினியர் “சுரண்டிடலாமே” என்றபோது, “அடிப்படை கெட்டியா இருக்கு சார், அதைப் போய் ஏன் கலைக்கணும்?” என்று பேசிப் பேசியே தடுத்தார். அதை மட்டும் எல்லா மேஸ்திரியும் செய்வதில்லை.

ஜன்னல் வழியே இப்போதெல்லாம் கால்களும் சக்கரங்களும்தான் தெரியும். “நம்ம வீட்டுக்குப் பாதாள லோகத்துல தனி அட்ரஸ் வாங்கிடலாம்” என்பாள் மனைவி. அவள் பெரிய மகள் வீட்டுக்குப் போய் ஐந்து நாளாகிறது. அவள் கிளம்பிய அன்றுதான் சத்தம் ஆரம்பித்தது.

டொக். டொக். டொக்.

திங்கள்கிழமை சாலையிலிருந்து கேட்டது. லாரி ஏதோ கல்லை உதைக்கிறது என்று நினைத்தார். புதன்கிழமை வாசல்படிக்கடியில். நேற்று பட்டப்பகலில், குளித்துக்கொண்டிருந்தபோது, காலுக்குக் கீழே. அவசரமில்லாத மூன்று தட்டு, பிறகு யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி மூன்று. சோப்பு நுரையோடு வெளிச்சத்துக்கு ஓடி வந்தார்.

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். சாக்கடைக்குள் இறங்கிய ஆள் கூப்பிட்டால் குரல் மேலே வராது. அதனால் கடப்பாரையால் மூடியில் மூன்று தட்டுவான்: மேலே வரேன், திற. மேலே நிற்பவன் ஒரு தட்டு தட்ட வேண்டும்: திறக்கிறேன். மேஸ்திரி அன்று அந்த ஒரு தட்டைத் தட்டவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், முதல் தடவை தார் போட்ட அன்றைக்கு மாலை நாலு மணிக்குச் சாலையைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. காலையில் கடப்பாரைக்காரன் மில் ரோட்டு மூடி வழியாக இறங்கினான். எந்த அடைப்பையும் எடுத்துவிடுவான் என்று பெயர் வாங்கியவன், இஸ்திரிக்காரம்மாவின் புருஷன். “முக்கு மூடியில வந்து ஏறிக்கிறேன் மேஸ்திரி, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். மேஸ்திரி தலையாட்டினார். பிறகு தார் வண்டி வந்துவிட்டது. பரபரப்பில் மறந்தே போய், முக்கு மூடியின் மேலேயே தாரைக் கொட்டவிட்டார். அதுவரை அது மறதி. யாருக்கும் வரலாம்.

ரோலர் ஒரு தடவை ஓடித் திரும்பியபோது காலடியில் கேட்டது. மூன்று தட்டு. மற்றவர்கள் காதில் விழாதபடி இன்ஜின் இரைந்தது. அவர் காதில் விழுந்தது. புகை பறக்கும் தாரைப் பெயர்த்தால் பாதி சாலை பாழ், அதிகாரி முன்னால் மானம் போகும். வந்த வழியே திரும்பிப் போயிடுவான் என்று நினைத்தார். ரோலர் ஓட்டுபவர் “என்ன மேஸ்திரி, நிறுத்தவா?” என்றார்.

“ஒண்ணுமில்ல. ஓட்டு.”

அன்று சாயங்காலம் பம்ப் ஸ்டேஷனில் தேக்கிவைத்திருந்த கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள். மில் ரோட்டு மூடியை அவர் தனியாகப் போய்த் தூக்கிப் பார்த்தபோது கறுப்புத் தண்ணீர் விளிம்புவரை ஓடிக்கொண்டிருந்தது. மூடியை மூடினார். கேட்டவர்களிடமெல்லாம் வாய் கூசாமல் சொன்னார்: “மதியமே மேல வந்துட்டானே. பஸ் ஏறிப் போனதை நான்தான் பார்த்தேன்.” அலுவலக வரைபடத்திலிருந்து முக்கு மூடியைக் குறித்த அந்த ஒரு வட்டத்தை பிளேடால் சுரண்டி எடுத்தார். பாக்கியை முக்கு பார்த்துக்கொண்டது. பஸ்ஸில் கூட ஒருத்தி இருந்தாள் என்று டீக்கடை சொன்னது. அவள் சிவப்புப் புடவை என்று போட்டோ கடை சொன்னது. இரண்டு மாதத்தில் இஸ்திரிக்காரம்மா ‘புருஷன் ஓடிப்போனவள்’ ஆனாள். வண்டி போட இடமில்லாமல் நின்றவளுக்கு, “நம்ம வீட்டெதிர்ல போட்டுக்கம்மா” என்று மேஸ்திரிதான் பெருந்தன்மையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவள் வண்டியை எதன் மேல் நிறுத்தினாள் என்று பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் அங்கேதான் நிற்கிறாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை துணி கொடுப்பார், கசங்காததையும் சேர்த்து. “அந்தச் சட்டையே அழுவுது, என்னை விட்டுடுங்கன்னு” என்று மனைவி கிண்டலடிப்பாள். அவரும் சிரிப்பார். ஒவ்வொரு முறை துணியை நீட்டும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவார். வெந்நீர் போல நெஞ்சுவரை வரும். வாய்க்கு வராது.

இருட்டத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. மழைத் தண்ணீர் வழக்கம்போல் இரண்டு படி இறங்கி முன்னறைக்குள் வந்து, தரை ஓட்டின் மேல் மெல்லிய தகடாகப் பரவியிருந்தது. சார்ஜ் விளக்கைப் பெஞ்சின் மேல் வைத்தார். எங்கிருந்தோ தார் வாடை வந்தது. ஆறிய தார் அல்ல. கொதிக்கிற தார்.

கதவு தட்டப்பட்டது.

“அண்ணே, நான்தான்.”

இஸ்திரிக்காரம்மா படியிறங்கி வந்து, நனையாமல் இடுப்பில் அணைத்திருந்த துணி மூட்டையைப் பெஞ்சில் வைத்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“காலையில கிளம்பறேண்ணே. மக வந்து தன்னோட இருன்னு கூப்புடுது. வண்டியப் பூட்டுக்கடைக்காரருக்குக் குடுத்துட்டேன்.”

“அப்படியா” என்றார். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பதை நினைத்து அருவருப்பாக இருந்தது.

அவள் முந்தானையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். “மக வீட்டு விலாசம். ஒருவேளை அவரு வந்தா குடுங்க. கோவம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நீங்கதானே அவரைக் கடைசியாப் பாத்தது.”

இப்போது சொல்லியாக வேண்டும். காலையில் அவள் போய்விடுவாள். இதற்கு மேல் சந்தர்ப்பமில்லை. வாயைத் திறந்தார்.

“சரிம்மா” என்றார். காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அறை முழுக்கத் தண்ணீர் மினுங்கியது. அறையின் நடுவில் ஓர் இடம் காய்ந்திருந்தது. வட்டமாக. இரண்டடி.

எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கிப் போயிற்று. அங்கே ஆறு அடுக்கு போட்டு அடைத்தாயிற்று. மேலே வழியில்லாதவன் பள்ளம் எங்கே என்று தேடுவான். இந்த முக்கிலேயே பள்ளமான இடம் இந்த வீடு. சாலையை ஏற்றி ஏற்றி, வீட்டைப் பள்ளமாக்கி வைத்தது அவர்தான்.

டொக். டொக். டொக்.

இஸ்திரிக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததே இல்லை.

“அவருதாண்ணே! வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் மூணு தட்டுவாரு. வேலைப் பழக்கம். நான் உள்ளேருந்து ஒண்ணு தட்டுவேன், திறந்துதான் கெடக்குன்னு.”

ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். ஈரக் காற்று. காலியான படி. யாருமில்லை.

டொக். டொக். டொக்.

மெதுவாகத் திரும்பினாள். கதவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு தரையை. வட்டத்தின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். காது வைத்துக் கேட்டாள். கையை மடக்கினாள்.

“வேணாம்மா” என்றார் மேஸ்திரி. சத்தம் வரவில்லை.

அவள் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

தரை மூச்சு விட்டது. வட்டத்தின் விளிம்பில் மயிரிழையாக விரிசல் ஓடியது, ஒரு சுற்று, முழுச் சுற்று. இடுக்கில் கறுப்பாக ஏதோ கசிந்தது. பிறகு விரல்கள். தார் பூசிய நாலு விரல், விளிம்பைப் பிடித்து, தூக்க.

மேஸ்திரியின் கால்கள் நடந்தன. அவர் நடக்கச் சொல்லவில்லை. வட்டத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு காலையும் சேர்த்து. முழுக் கனத்தோடு.

விரல்கள் நசுங்கி உள்ளே போயின.

“அண்ணே, நகருங்க.”

நிற்கிறார்.

“நகருங்கண்ணே. அவருண்ணே.”

அவள் நிமிர்ந்தாள். அவர் பாதத்தைப் பார்த்தாள், கையில் கசங்கும் காகிதத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அங்கேயே பார்வை நின்றது. இருபத்திரண்டு வருஷமும் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து போவது அவருக்குத் தெரிந்தது. அவருடைய கணுக்கால் இரண்டையும் பிடித்தாள். இஸ்திரி போட்டு உரமேறிய கை. இழுத்தாள்.

உள்ளங்காலுக்கடியில் ஓடு சுட்டது. சதை ஒட்டிக்கொள்ளும் சூடு.

டொக். உடம்பு ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது.

டொக்.

டொக்.

அவர் நகரவில்லை.